துண்டுச் சீட்டில் தொலையும் உரிமை

விடியுமுன்னே இருட்டில் லயத்தை விட்டுக் கிளம்புகிற மோட்டார் சைக்கிள்கள் இல்லாவிட்டால், இன்று தோட்டப்புறத்தில் பிழைப்பே இல்லை. பால்வெட்டுக்குப் போகிறவருக்கும் அதுதான், செம்பனைக் காட்டுக்குப் போகிறவருக்கும் அதுதான். பட்டணத்துத் தொழிற்சாலைக்குப் போகிற நம் பிள்ளைகளுக்கும் அதுவேதான்.

இந்நாட்டில் சாலை விபத்தில் மாண்டு போகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிள்காரர்கள். இந்தச் செய்தியை ஆண்டுதோறும் படித்து உச்சுக் கொட்டுகிறோம். மாண்டவர் கணக்கு பத்திரிகையில் வந்துவிடுகிறது. கால் ஒடிந்து, தோள் எலும்பு விலகி, உயிர் பிழைத்து வீட்டோடு கிடப்பவரின் கணக்கு என்ன ஆகிறது? அவருடைய கதி ஒரு துண்டுக் காகிதத்தில் அடங்கிக் கிடக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

உதாரணத்துக்கு ஒன்றைப் பார்ப்போம். வேலை முடிந்து வீடு திரும்புகிற ஒருவர். தோட்டத்துச் செம்மண் பாதையில் மாடு குறுக்கே வருகிறது. மோதி விழுகிறார். காலில் எலும்பு முறிவு, முழங்காலில் வீக்கம், தலையிலும் அடி. ஆஸ்பத்திரியில் “என்ன நடந்தது?” என்று கேட்கிறார்கள். வலியில் துடிப்பவர், “மோட்டார்ல விழுந்துட்டேன் டாக்டர்” என்கிறார். சீட்டில் “எம்.வி.ஏ.” என்று மூன்றே எழுத்து விழுகிறது. மோட்டார் வாகன விபத்து என்பது அதன் பொருள். மாடும் இல்லை, வேலையும் இல்லை, தோட்டப் பாதையும் இல்லை!

ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவரின் குறிப்புகள் பிறகு பதிவேட்டுப் பிரிவுக்குப் போகின்றன. அங்கே உள்ளவர்கள் அவற்றைக் குறியீடுகளாக மாற்றுகிறார்கள். உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த நோய்ப் பட்டியலின் பத்தாம் பதிப்பில், எஸ் 82 என்றால் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. எஸ் 06 என்றால் மண்டைக்குள் காயம். காயத்துக்கு ஒரு குறியீடு போல, காயம் வந்த காரணத்துக்கும் ஒன்று உண்டு. மோட்டார் சைக்கிள்காரருக்கு வி 20 முதல் வி 29 வரை. ஆள் மீதோ மாட்டின் மீதோ மோதினால் வி 20. காரோடு மோதினால் வி 23. எதிலும் மோதாமல் சறுக்கி விழுந்தால் வி 28. ஓட்டியவரா, பின்னால் உட்கார்ந்து வந்தவரா, பொதுச் சாலையா, அதற்கு வெளியேயா என்பதற்கும் தனித்தனி இலக்கம் உண்டு.

ஆனால் “எம்.வி.ஏ.” என்று மட்டும் எழுதியிருந்தால், பதிவேட்டுக்காரர் என்ன செய்வார்? இல்லாததை அவர் எழுத முடியாது. வி 89 என்கிற ‘விவரமில்லாத வாகன விபத்து’ப் பெட்டியில் போடுவார். அந்த ஏட்டில் அவர் மோட்டார் சைக்கிள்காரராகவே இல்லாமல் போகிறார். தோட்டப் பாதையில் விளக்கு வேண்டும், மாட்டுக்கு வேலி வேண்டும் என்று நாம் கேட்கும்போது, “அங்கே விபத்து நடந்ததாகக் கணக்கே இல்லையே!” என்று பதில் வந்தால், குற்றம் யார் மேல்?

இது நாட்டுக் கணக்கு. இனி வீட்டுக் கணக்குக்கு வருவோம்.

1969ஆம் ஆண்டின் சொக்சோ சட்டப்படி, வேலைக்குப் போகிற வழியிலும் வேலை முடிந்து வீடு திரும்புகிற வழியிலும் நேர்கிற விபத்து வேலையிட விபத்தாகவே கருதப்படும். அனுமதித்த ஓய்வு நேரத்தில் சாப்பிடப் போகிற வழியும் அதில் சேரும். வேலைக்குச் சம்பந்தமில்லாமல் வழி மாறிப் போனால் சேராது. 2019 ஜனவரி முதல் அந்நியத் தொழிலாளர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. விபத்து நாளையும் சேர்த்து நான்கு நாளுக்குக் குறையாமல் மருத்துவ விடுப்பு இருந்தால், சராசரித் தினச் சம்பளக் கணக்கில் 80 விழுக்காடு கிடைக்கும். ஊனம் நிலைத்துவிட்டால் மருத்துவ வாரியம் அதை விழுக்காட்டில் மதிப்பிடும். 20 விழுக்காட்டுக்கு மேல் போனால், ஐந்தில் ஒரு பங்கை மொத்தமாக வாங்கிக்கொண்டு, மீதியை ஆயுள் வரை மாதாமாதம் பெறலாம்.

இந்த முடிவெல்லாம் குறியீட்டைப் பார்த்து வருவதில்லை. டாக்டரின் அறிக்கை, எம்.சி., போலீஸ் புகார், வேலை நேரப் பதிவு ஆகியவற்றைப் பார்த்து வருகிறது. முதல் நாள் சீட்டில் முழங்கால் வீக்கம் இல்லையென்றால், ஆறு மாதம் கழித்து “அன்றைக்கே வலித்தது” என்று சொல்லி நிரூபிப்பது லேசான காரியமல்ல.

“அட விடுங்கண்ணே, சின்னக் காயந்தானே!” என்று எண்ணெய் தேய்த்து உருவிவிடுகிறவரிடம் ஓடுகிற பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. உருவிவிடுகிறவர் கையில் சீட்டு ஏது? முதலில் தோட்டத்துக் கிளினிக்கிலோ ஆஸ்பத்திரியிலோ காட்டிப் பதிந்துகொள்ள வேண்டும்.

அடிபட்டவர் பேச முடியாவிட்டால், கூடப் போகிற மனைவியோ மகனோ பேச வேண்டும். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எங்கிருந்து எங்கே போகும்போது, எதன் மீது மோதி என்பதை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். மயக்கம் வந்ததா, வலது காலா இடது காலா, வேறெங்கே வலிக்கிறது என்பதையும் விடாதீர்கள். உள்ளதைச் சொன்னால் போதும். கடைத்தெருவுக்குப் போனவர் வேலைக்குப் போனதாகச் சொன்னால், ஒரு காகிதம் இன்னொரு காகிதத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் செய்ய வேண்டும். நிர்வாகம் 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆகவே கிராணியிடமோ மண்டோரிடமோ அன்றைக்கே தகவல் சொல்லிவிடுங்கள். எம்.சி., மருந்துச் சீட்டு, புகார் நகல் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, பிறப்புப் பத்திரம் இருக்கிற பெட்டியிலேயே வையுங்கள். விளங்காததைச் சங்கத் தலைவரிடம் கேளுங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத காலத்தில் நம் பெரியவர்கள் கைநாட்டு வைத்து ஏமாந்தார்கள். படித்த பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிற இந்தக் காலத்தில், ஒரு துண்டுச் சீட்டை வாசித்துப் பார்க்காமல் நாமும் ஏமாறலாமா? சிந்திப்போம்!