டிஃபரன்ஷியல் ஊளையிட்டால்…

அம்பாசடரின் பின்பக்கம் ஊளையிட ஆரம்பித்ததும் வரும் யோசனைகள் இரண்டுதான். "டிஃபரன்ஷியலை முழு செட்டா மாத்திடுங்க சார்" என்பார் ஒருவர். "வண்டியை எடைக்குப் போட்டுடுங்க" என்பார் இன்னொருவர். இரண்டும் அவசரப் பேச்சு என்பது என் கருத்து.

நான் பள்ளியில் படித்த பிரெஞ்சு மொழியில் காரின் பின் அச்சுக்கு 'பின்பாலம்' என்று பொருள்படும் பெயர். பொருத்தமான பெயர்தான். எஞ்சினின் சக்தி அதைக் கடந்துதான் சக்கரங்களுக்குப் போகிறது. வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். அந்த வித்தியாசத்தைச் சமாளிப்பது உள்ளே இருக்கும் டிஃபரன்ஷியல்.

விலை கேட்பதற்கு முன் சத்தத்தைக் கேளுங்கள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஊளையிட்டு, காலை எடுத்ததும் அது மாறினால், பெரும்பாலும் கிரௌன்–பினியன் பற்களில் கோளாறு. மிதித்தாலும் விட்டாலும் ஒரே உறுமல் என்றால் பேரிங். வளைக்கும்போது மட்டும் மாறினால் சக்கர பேரிங்காக இருக்கலாம். ஆயில் இருக்கிறதா என்று பார்ப்பதற்குச் செலவே இல்லை.

என் வண்டிக்கு ஒரு பட்டறையில் முழு செட்டுக்கு 22,000 ரூபாய் கேட்டார்கள். வேறொரு வயதான மெக்கானிக் கழற்றிப் பார்த்தார். பற்கள் நன்றாக இருந்தன, பேரிங்குகள்தான் தேய்ந்திருந்தன. மொத்தம் 7,800 ரூபாய். அதில் கூலி 3,500.

"கூலி ரொம்ப அதிகம்" என்றார் பக்கத்து வீட்டு நண்பர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பல்லில் மை தடவி, சுற்றி, எங்கே பதிகிறது என்று பார்த்து, மெல்லிய ஷிம் தகடுகளைக் கூட்டியும் குறைத்தும் இரண்டு நாள் உட்கார்ந்தார். மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு தவறினாலும் புது பேரிங்கும் கத்தும். கிரௌனையும் பினியனையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் பணம் வீண் என்பதையும் அவர்தான் சொன்னார்.

உதிரிபாகத்துக்குப் பேரம் பேசாமல் கொடுக்கிறோம், கைவேலைக்கு மட்டும் நூறு ரூபாய் குறைக்கப் பார்க்கிறோம். அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. பேரிங் இனியும் எங்காவது கிடைக்கும். ஷிம் வைக்கத் தெரிந்த கைகளுக்குப் பிழைப்பு இல்லாமல் போனால், பழைய வண்டிகளை நிறுத்தப்போவது டிஃபரன்ஷியல் அல்ல, நம் பேரம்தான்.