அட்டையில் இல்லாத பெயர்கள்



புதிய கதைப் புத்தகம் ஒன்று கையில் கிடைத்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? அட்டைப் படத்தை. அடுத்து, மொத்தம் எத்தனை பக்கம் என்று கடைசித் தாளைப் புரட்டுவீர்கள். பிறகு நேரே கதைக்குள் குதித்துவிடுவீர்கள். அட்டையைத் திறந்ததும் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் என்னவோ அச்சிட்டிருக்கிறார்களே, அதை யாராவது படித்ததுண்டா? பல ஆண்டுகள் பாடம் நடத்தியவள் நான். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வந்து என்னிடம் பேசிய பிள்ளை ஒருவர்கூட நினைவில் இல்லை. ஏன், நானே வெகுகாலம் அதைப் படித்ததில்லை. படிக்கத் தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

1993ஆம் ஆண்டு, நேஷனல் புக் டிரஸ்ட் ஆங்கிலத்தில் ஒரு நூலை வெளியிட்டது. அதன் பெயர் 'இட் ஹேப்பண்ட் டுமாரோ'. தமிழில் சொன்னால், 'அது நாளை நடந்தது'. என் வகுப்பில் யாராவது இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையால் சுழித்து, "நாளை என்றால் நடக்கும், நேற்று என்றால் நடந்தது" என்று எழுதியிருப்பேன். ஆனால், இது வேண்டுமென்றே செய்த தவறு. அறிவியல் கற்பனைக் கதை என்றாலே அதுதானே? இன்னும் நடக்காததை, நடந்து முடிந்ததுபோல் சொல்வது!

அந்த நூலில் 19 கதைகள். மராத்தி, தமிழ், கன்னடம், இந்தி என்று இந்திய மொழிகள் பலவற்றில் எழுதியவர்களின் கதைகள். தமிழிலிருந்து நம் சுஜாதா இருக்கிறார். அவர் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக வேலை பார்த்துக்கொண்டே கதைகளை எழுதிக் குவித்தவர், 2008இல் மறைந்தார். மராத்தியிலிருந்து வானியல் விஞ்ஞானி ஜெயந்த் நார்லிகர் இருக்கிறார். அவருடைய கதையில், மும்பையில் ஒருநாள் பொழுது விடிந்தால் தெருவெல்லாம் பனி கொட்டிக் கிடக்கிறது. இப்படி நடக்கப்போகிறது என்று ஒரு விஞ்ஞானி முன்பே எச்சரித்திருக்கிறார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நம் கடற்கரைச் சாலையில் காந்தி சிலையின் தோளில் பனி படிந்திருப்பதாக நினைத்துப் பாருங்கள், அந்தக் கதையின் குளிர் புரியும். முடிவை நான் சொல்ல மாட்டேன்.

அட்டையில் இருப்பது பால் ஃபோண்ட்கே என்ற ஒரே ஒருவரின் பெயர். அவரும் விஞ்ஞானிதான், எழுத்தாளரும்கூட. கதைகளைத் தேர்ந்தெடுத்து ஒழுங்குபடுத்துபவரைத் தொகுப்பாசிரியர் என்பார்கள். சரி, மராத்தி பேசும் ஒருவர் தமிழ்க் கதை நன்றாக இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? யாராவது அதை மொழிபெயர்த்துத் தர வேண்டும். அந்த மொழிபெயர்ப்பாளருக்கு இரண்டு மொழி தெரிந்தால் மட்டும் போதாது. அறிவியலும் கொஞ்சம் தெரிய வேண்டும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 'ஒளியாண்டு' என்ற சொல்லில் ஆண்டு இருக்கிறது. ஆனால் அது காலம் அல்ல, தூரம். ஒளி ஓர் ஆண்டில் கடக்கும் தூரம், ஏறத்தாழ 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். இது தெரியாதவர் மொழிபெயர்த்தால், "பத்து ஒளியாண்டுகள் கழித்து அவனுக்குத் தலை நரைத்தது" என்று எழுதிவிடுவார். கதை அங்கேயே கவிழ்ந்துவிடும். அதனால்தான் மொழிபெயர்த்ததை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். பிறகு அச்சுக் கோக்க வேண்டும், மெய்ப்புத் திருத்த வேண்டும், படம் வரைய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள்.

நார்லிகரைப் பற்றி இன்னொரு செய்தி. இது எனக்கு மிகவும் பிடித்தது. 1974இல் மராத்தி விஞ்ஞான பரிஷத் என்ற அமைப்பு அறிவியல் கதைப் போட்டி நடத்தியது. நார்லிகர் அப்போதே பெயர் பெற்ற விஞ்ஞானி. தன் பெயரைப் பார்த்துப் பரிசு கொடுத்துவிடக் கூடாது என்று அவர் என்ன செய்தார் தெரியுமா? ஜெயந்த் விஷ்ணு நார்லிகர் என்பதன் முதல் எழுத்துகளைத் தலைகீழாக மாற்றி, நாராயண் விநாயக் ஜக்தாப் என்று ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டார். அதுமட்டுமா? கையெழுத்தைப் பார்த்தும் கண்டுபிடித்துவிடுவார்களே! ஆகவே கதையை மனைவி மங்களாவின் கையால் எழுதச் செய்து அனுப்பினார். கருந்துளையைப் பற்றிய அந்தக் கதைக்கு முதல் பரிசு கிடைத்தது. மங்களா நார்லிகர் கணித அறிஞர். ஆனாலும் அந்தத் தாள்களைப் படித்த நடுவர்களுக்கு, யாருடைய கை எழுதிய எழுத்தை வாசிக்கிறோம் என்று தெரியாது. 2023இல் அவரும், 2025இல் நார்லிகரும் மறைந்தார்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊரில் இருந்துகொண்டு ஜூல் வெர்னை விட்டுவிட்டால் தப்பாகிவிடும். நம் ரோமன் ரோலண்ட் நூலகம் 1827இல் தொடங்கியது. ஜூல் வெர்ன் பிறந்தது அதற்கு அடுத்த ஆண்டு. மனிதர்கள் நிலவுக்குப் போவதாக அவர் 1865இல் ஒரு நாவல் எழுதினார். பயணம் 97 மணி 20 நிமிடம் என்று தலைப்போடு சேர்த்தே அச்சிட்டார். இவ்வளவு துல்லியமாகக் கணக்குப் பேச அவருக்குத் துணை நின்றவர் ஆன்ரி கார்சே என்ற உறவினர். என்ன வேலை பார்த்தார் என்கிறீர்களா? கணித ஆசிரியர்! (இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.)

அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1863இல், வெர்ன் எழுதிய ஒரு நாவலைப் பதிப்பாளர் எட்செல் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இருபதாம் நூற்றாண்டுப் பாரிஸைப் பற்றிய கதை அது. 1994இல்தான் அச்சில் வந்தது. 131 ஆண்டுகள் கழித்து! அதற்காக வெர்ன் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. அடுத்தடுத்த நூல்களை அதே எட்செல்லிடமே கொடுத்தார்.

தொகுப்பு நூல் என்பது நமக்குப் புதிதல்ல. எட்டுத்தொகை என்ற பெயரிலேயே தொகை இருக்கிறது. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார் என்று இன்றும் சொல்ல முடிகிறது. பாடியவரின் பெயர் தெரியாமல் போனால், அவர் பாட்டில் வரும் ஓர் அழகான தொடரையே பெயராகச் சூட்டிவிட்டார்கள். 'செம்புலப் பெயல்நீரார்' அப்படி வந்த பெயர்தான். ஆனால், ஓலை செல்லரித்துப் போகும் முன்பு அதைப் பார்த்து வேறு ஓலையில் எழுதி வைத்தார்களே, தலைமுறை தலைமுறையாக எழுதினார்களே, அவர்களில் எத்தனை பேர் பெயர் நமக்குத் தெரியும்?

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

1997ஆம் ஆண்டு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஒரு கையெழுத்துப் பத்திரிகை கொண்டு வந்தோம். முழுக்க முழுக்க அறிவியல் கற்பனைக் கதைகள். பதினொரு பேர் எழுதினார்கள். இடம் ஏழு கதைகளுக்குத்தான் இருந்தது. நான்கு பேருடைய முகம் வாடியது. ஜூல் வெர்னுக்கே திருப்பிக் கொடுத்தார்கள் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்திருந்தால் சொல்லித் தேற்றியிருப்பேன்.

ஒரு பையன், நிலவில் இரண்டு நண்பர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தான். வகுப்பில் கெட்டிக்காரப் பெண் ஒருத்தி எழுந்து, "நிலாவுல காத்தே இல்ல டீச்சர். பேசினா எப்படிக் கேக்கும்?" என்றாள். வகுப்பே சிரித்தது. பையன் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் கதையைத் திருத்திக்கொண்டு வந்தான். ரேடியோ பழுதாகிவிடுகிறது. ஒருவன் தன் தலைக்கவசத்தை நண்பனின் தலைக்கவசத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு கத்துகிறான். தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு கவசங்கள் வழியே குரல் போய்ச் சேருகிறது! காற்று இல்லாவிட்டாலும் திடப்பொருள் வழியாக ஒலி செல்லும் அல்லவா? அதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்று விசாரித்தேன். கேள்வி கேட்ட அதே பெண்தான். ஏழு கதைகளில் அதுவே முதல் கதையாக வந்தது.

அந்த வகுப்பில் கடைசிப் பெஞ்சில் ஒரு பெண் இருந்தாள். கதை எழுதவில்லை. படமும் வரையவில்லை. ஆனால் முத்து முத்தான கையெழுத்து. நீல மை ஜெராக்ஸில் தெளிவாக விழாது என்பதால் கறுப்பு மை வாங்கிக் கொடுத்தேன். ஏழு கதைகளையும், மொத்தம் 48 பக்கம், அவள் ஒருத்தியே எழுதி முடித்தாள். ஜெராக்ஸ் எடுத்து, நூல் கோத்துத் தைத்து, ஆண்டு விழாவில் வெளியிட்டோம். எழுதியவர்கள், படம் வரைந்தவர்கள், திருத்தியவர்கள், ஜெராக்ஸ் செலவை ஏற்றுக்கொண்ட ஒரு பெற்றோர் என்று எல்லார் பெயரையும் முதல் பக்கத்தில் போட்டிருந்தேன். மேடைக்கும் அழைத்தேன். அவள் பெயர் மட்டும் இல்லை. இத்தனைக்கும் அந்தப் பெயர்ப் பட்டியலையும் எழுதியது அவள் கைதான். எழுதும்போது அவளும் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

மறு ஆண்டு இரண்டாவது இதழுக்கு எழுதச் சொன்னபோது, "வேணாம் டீச்சர், கை வலிக்குது" என்றாள். நானும் நம்பிவிட்டேன். பல ஆண்டு கழித்து அலமாரியைச் சுத்தம் செய்தபோது அந்தப் பத்திரிகை அகப்பட்டது. முதல் பக்கத்தை அப்போதுதான் நிதானமாகப் படித்தேன். அன்று முதல் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் எனக்கு அந்தப் பொடி எழுத்துப் பக்கம்தான் முதலில்.

நீங்களும் உங்கள் வகுப்பில் இப்படி ஒரு தொகுப்பைச் செய்து பார்க்கலாம். எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால், தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் புதுவை அறிவியல் இயக்கமும் சேர்ந்து 1987இல் தொடங்கிய 'துளிர்' இதழின் பழைய பிரதிகள் கிடைத்தால் புரட்டுங்கள். ஐந்தாறு பேர் போதும். ஒருவர் கதைக்கு இன்னொருவர் அறிவியல் கேள்வி கேளுங்கள். கேட்டால் கோபப்படாதீர்கள், இரண்டு நாளுக்கு மேல்! பெயர்ப் பக்கத்தைக் கடைசியாக எழுதுங்கள். எழுதியதும், வகுப்பில் ஒவ்வொருவர் முகத்தையும் ஒரு முறை பார்த்துவிட்டு அப்புறம் தையுங்கள்.

அந்தப் பெண்ணைச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருமணத்தில் பார்த்தேன். மகளைக் கையில் பிடித்திருந்தாள். விலாசம் கேட்டு, மறு வாரமே அந்தப் பழைய பத்திரிகையை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். முதல் பக்கத்தைத் திறந்து அவளிடம் நீட்டினேன். என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. "இப்ப எதுக்கு டீச்சர் அதெல்லாம்" என்று சிரித்தாள். பிறகு விறுவிறு என்று பக்கங்களைப் புரட்டி 31ஆம் பக்கத்தில் நிறுத்தினாள்.

"இங்க பாருங்க, 'சுற்றுப்பாதை'யில ஒரு 'ற்' விட்டுப்போச்சு. அப்பவே எனக்குத் தெரியும். ஒயிட்னர் தீர்ந்துபோச்சு, அப்படியே விட்டுட்டேன்" என்றாள்.

நான் பேனாவை நீட்டினேன். முதலில் அந்தப் பிழையைத் திருத்தினாள். அப்புறம்தான் முதல் பக்கத்துக்கு வந்து தன் பெயரை எழுதினாள்.