கடையைப் பூட்டிவிட்டுப் போனவர்கள்

சரக்கு லாரிக்காகக் காத்திருக்கும் நேரத்தில் மொத்தக் கடை வாசலில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "யூதனுக்கு ஊர் ஏது? லாபம் எங்கேயோ அங்கே மூட்டையைக் கட்டிவிடுவான்." வியாபாரிகளாகிய நாமே இப்படிப் பேசுவதுதான் வேதனை. கடையை விட்டுப் போவது அத்தனை எளிதா? பாக்கி வெளியே நிற்கும், கிடங்கில் சரக்கு கிடக்கும். வாடிக்கை என்பதோ பல வருட உழைப்பு. அதை எந்த மூட்டையில் கட்டுவது?

பாக்தாத்தை எடுத்துக்கொள்வோம். இராக் மண்ணில் யூதர்கள் 2,500 ஆண்டுகள் வாழ்ந்தவர்கள். பேசியது அரபு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாக்தாத் மக்கள் தொகையில் கால் பங்குக்கு மேல் அவர்கள்தான். ஜவுளி, இறக்குமதி, வட்டித் தொழில் எல்லாவற்றிலும் இருந்தார்கள். சனிக்கிழமை அவர்கள் கடை அடைத்தால் கடைத்தெருவே களையிழந்துவிடும். அந்நாட்டின் முதல் நிதியமைச்சர் சாசூன் எஸ்கேல் ஒரு யூதர். எண்ணெய்க் கம்பெனி தரவேண்டிய தொகையைத் தங்க மதிப்பில்தான் தரவேண்டும் என்று அடம்பிடித்து, இராக் கஜானாவுக்கு நன்மை தேடியவர். ஊர் இல்லாதவன் செய்கிற வேலையா அது?

1941 ஜூன் 1, 2 தேதிகளில் பாக்தாத்தில் பெருங்கலவரம். சுமார் 180 யூதர்கள் கொல்லப்பட்டனர்; வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன. அதற்குப் பிறகும் பெரும்பாலோர் போகவில்லை. உடைந்த கதவை மாட்டிக்கொண்டு மறுபடி வியாபாரத்தில் உட்கார்ந்தார்கள்.

1948-ல் இஸ்ரேல் உருவாகிப் போர் மூண்டதும் நிலைமை மாறியது. அரசு வேலைகள் பறிபோயின. யூத வங்கிகளின் அன்னியச் செலாவணி உரிமம் ரத்தானது. பாஸ்ராவில் ஃபோர்டு கார் ஏஜென்சி நடத்திய பெருஞ்செல்வர் ஷஃபீக் அதஸ், இஸ்ரேலுக்கு ஆயுதம் விற்றதாகக் குற்றம் சாட்டப்பட்டு, அந்தச் செப்டம்பரில் தம் வீட்டு முன்பாகவே தூக்கிலிடப்பட்டார். பழைய ராணுவத் தளவாட வியாபாரத்தில் அவரோடு கூட்டுச் சேர்ந்திருந்த மற்ற மதத்தாருக்குத் தண்டனை இல்லை. அரண்மனை வரை செல்வாக்கு உள்ளவருக்கே இந்தக் கதி என்றால் சில்லரைக் கடைக்காரர் என்ன நினைத்திருப்பார்?

1950 மார்ச்சில் ஒரு சட்டம் வந்தது: குடியுரிமையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் பெயர் பதிந்தனர். சமய நம்பிக்கையால், புது நாட்டின் ஆசையால் பதிந்தவர்களும் உண்டு. அதை மறைக்க வேண்டாம். ஆனால் ஓராண்டு கழித்து, 1951 மார்ச் 10-ல் அடுத்த சட்டம். பதிந்தவர்களின் சொத்து முழுவதும் முடக்கம்! வங்கிகள் மூடப்பட்டன, கடைகளுக்கு முத்திரை விழுந்தது. பல்லாயிரம் பேர் அப்போது இன்னும் விமானம் ஏறவே இல்லை. நேற்றுவரை முதலாளி, இன்று கையில் 50 தினார். இஸ்ரேலில் அவர்களுக்குக் கிடைத்தது கூடார முகாம். 'லாபம் எங்கேயோ அங்கே' என்பவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

யூதருக்கு மட்டும் நேர்ந்ததல்ல இது. 1964-ல் பர்மாவில் கடைகள் தேசியமயமாகி, 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது நம்மவர்கள் வெறுங்கையோடு கப்பலேறினார்கள். சென்னை பர்மா பஜார் அப்படி வந்தவர்களுக்காக 1969-ல் அமைந்ததுதான். 1972 ஆகஸ்டில் உகாண்டாவில் இடி அமீன், ஆசியர்கள் 90 நாளில் வெளியேற வேண்டும் என்றார். பெரும்பாலோர் குஜராத்தி வியாபாரிகள். அவர்கள் கடைகள் ராணுவத்தாருக்கும் வேண்டியவர்களுக்கும் பங்கிடப்பட்டன. கொள்முதல் தெரியாதவன் கையில் கடை எத்தனை நாள் ஓடும்? அலமாரி காலியானது, சர்க்கரைக்கும் உப்புக்கும் ஊர் அலைந்தது.

பிற்காலத்தில் முசேவேனி அரசு அவர்களைத் திரும்ப அழைத்தது. 1990-களில் பல கட்டடங்கள் உரியவர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. மத்வானி குடும்பம் ககீரா சர்க்கரை ஆலையை மறுபடி ஓட்டியது. பாக்தாத்தில் முத்திரை வைத்த கடைகளுக்கு அப்படி ஒரு நாள் வரவில்லை.