ரவுட்டர் இருக்கிறதென்று கணினியின் தீச்சுவரை நிறுத்தாதீர்கள்

ஒரு பிரின்டரை இரண்டு கணினிகளுக்குப் பொதுவாக்கித் தரும்படி அழைக்கிறார்கள். போகிறோம். ஒரு கணினி மற்றதைக் காணமாட்டேன் என்கிறது. கொஞ்ச நேரம் மினக்கெட்டுவிட்டு விண்டோஸின் தீச்சுவரை நிறுத்திப் பார்க்கிறோம்; அச்சு வந்துவிடுகிறது. வீட்டுக்காரருக்குச் சந்தோசம், எமக்கு அடுத்த வேலைக்கு நேரமாகிவிட்டது. நிறுத்திய தீச்சுவர் நிறுத்தியபடியே கிடக்கிறது. "ரவுட்டரில் ஒன்று இருக்குத்தானே" என்று மனதுக்கு ஒரு சமாதானம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் வீட்டு இணைய வேலை செய்யும் எம்மவரிடையே இந்தப் பழக்கம் வேரூன்றிவிட்டது. இதைக் கைவிட்டாக வேண்டும்.

ரவுட்டரில் இருப்பதும் கணினியில் இருப்பதும் ஒரே வேலையைச் செய்வதில்லை. ரவுட்டருக்குத் தெரிவது முகவரியும் போர்ட் இலக்கமும் மட்டுமே. உள்ளிருந்து யாரும் கேட்காமல் வெளியிலிருந்து வரும் இணைப்பை அது தடுக்கும்; அதை நன்றாகவே செய்யும். ஆனால் உள்ளிருந்து வெளியே போவது எது என்று அதற்குத் தெரியாது. இன்றைய இணையப் போக்குவரத்தில் பெரும்பகுதி 443 என்ற ஒரே போர்ட் வழியாகத்தான் போகிறது. பிள்ளை பார்க்கும் பாடக் காணொளியும், கணினிக்குள் ஒளிந்திருக்கும் திருட்டு நிரல் தன் எசமானுக்கு அனுப்பும் செய்தியும் ரவுட்டருக்கு ஒன்றுபோலவே தெரியும். எந்த நிரல் வெளியே போகக் கேட்கிறது என்பது கணினியிலுள்ள தீச்சுவருக்குத்தான் தெரியும். விண்டோஸில் இயல்பாக வெளியே போவதெல்லாம் திறந்தே இருக்கும். நாம் விதி எழுதினால்தான் அது தடுக்கும். எழுதக்கூடிய இடமாவது அங்கேதான் இருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. கைப்பேசியிலும் ஸ்மார்ட் டிவியிலும் கண்காணிப்புக் கமராவிலும் வீட்டுக்காரர் தொட்டுச் சரிசெய்யக்கூடிய தீச்சுவர் பெரும்பாலும் இல்லை. அவற்றுக்கு ரவுட்டரை விட்டால் வேறு காவல் கிடையாது. அதனால் "கணினியில் நல்ல வைரஸ் தடுப்பு இருக்கிறது, ரவுட்டரைப் பற்றிக் கவலை இல்லை" என்பதும் அதே அளவுக்குப் பிழை.

எமது பகுதியில் ரவுட்டரை மட்டும் நம்புவதற்கு இன்னொரு காரணமும் சொல்லப்படுகிறது. நகரங்களை விட்டு உள்ளே போனால், விசுவமடுவிலும் ஒட்டுசுட்டானிலும், இணையம் என்றாலே பல வீடுகளில் சிம் போட்ட 4ஜி ரவுட்டர்தான். சேவை நிறுவனங்கள் இத்தகைய இணைப்புகள் பலவற்றை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைப்பது வழக்கம். அப்படி இருக்கும்போது வெளியிலிருந்து எவரும் நேரே அந்த வீட்டு ரவுட்டரைத் தட்ட முடியாது என்பது உண்மை. ஆனால் அது ஐபிவி4 முகவரிகளுக்கு மட்டுமே பொருந்தும். ஐபிவி6 வந்ததும் அதைத் தாங்கும் ஒவ்வொரு வீட்டுக் கருவிக்கும் உலகெங்கிருந்தும் எட்டக்கூடிய தனி முகவரி கிடைத்துவிடுகிறது. முகவரி மாற்றம் தற்செயலாகத் தந்த பாதுகாப்பு அங்கே இல்லை. ரவுட்டரின் ஐபிவி6 தீச்சுவர் இயங்குகிறதா என்று செற்றிங்கைத் திறந்து பார்ப்பவர் எம்மில் எத்தனை பேர்?

அதைவிடப் பெரிய விடயம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. வன்னி வீடொன்றின் வைபையில் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். விறாந்தையில் நடக்கும் ரியூசனுக்கு வரும் மாணவர்கள். கடவுச்சொல் கேட்டு வாங்கிய பக்கத்து வீட்டார். வற்றாப்பளைப் பொங்கலுக்குக் கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் வந்து நிற்கும் உறவினர். பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழக விடுதியிலிருந்தோ அறிவியல் நகரில் பொறியியல் பீட விடுதியிலிருந்தோ வார இறுதியில் லப்டொப்போடு வீடு வரும் மகள். இவர்களின் கருவிகள் எல்லாமே ரவுட்டரின் தீச்சுவருக்கு உட்பக்கம். இவற்றில் ஒன்று நோயோடு வந்தால், மற்றவற்றைக் காப்பாற்ற ரவுட்டரால் பெரும்பாலும் முடியாது. பக்கத்துப் பக்கத்துக் கருவிகள் பேசிக்கொள்வதை அதன் தீச்சுவர் சோதிப்பதில்லை.

இது எதில் போய் முடியும் என்பதை 2017 மே 12 இல் உலகம் பார்த்தது. வன்னாகிரை என்ற புழு விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்குப் பயன்படும் 445 ஆம் போர்ட் வழியாக ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குத் தானாகவே தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சில், வெளியிட்டிருந்தது. புழு உள்ளே வந்துவிட்டபின், திருத்தம் போடாத கணினி ஒன்று உள் வலையமைப்பில் இருந்தால் வெளிவாசல் தீச்சுவர் எவ்வளவு விலையானதாக இருந்தாலும் பயனில்லை. 445 ஐ அந்தக் கணினியே மூடியிருந்தால் புழு அங்கே நின்றிருக்கும். விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிகளோடு வாழும் குடும்பங்களுக்கு இனி அந்த உள் தீச்சுவரின் பெறுமதி கூடுமே தவிரக் குறையாது.

கமராக்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில். தாயும் தகப்பனும் மட்டும் ஊரில். முற்றத்திலும் படலையிலும் கமரா பூட்டித் தரும்படி ரொறொன்ரோவிலிருந்தோ சூரிச்சிலிருந்தோ கேட்கிறார்கள். நியாயமான ஆசை. பொது முகவரி கிடைக்கும் கம்பி இணைப்பு வீடுகளில் அதை நிறைவேற்ற நாம் செய்வது, ரவுட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்து பதிவுப் பெட்டிக்கு நேரே வழிவிடுவது. ஹிக்விஷன் என்றால் 8000, டாஹுவா என்றால் 37777. அந்த நிமிடத்தோடு வாசல் தீச்சுவர் அந்தப் பெட்டிக்கு இல்லாமல் போகிறது. பெட்டிக்குள்ளும் ஒன்று இல்லை. 2016 இல் மிராய் என்ற நிரல் தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்படாத கமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும்தான் படையாகத் திரட்டியது. அந்த ஆண்டு ஒக்டோபர் 21 இல் இணையப் பெயர்களை முகவரிகளாக்கித் தரும் டைன் (Dyn) நிறுவனத்தின் மீது அது நடத்திய தாக்குதலால் ருவிட்டர் போன்ற தளங்கள் பலருக்கு எட்டாமல் போயின. 2021 செப்டெம்பரில் ஹிக்விஷனின் பல கமரா மாதிரிகளில், கடவுச்சொல்லே இல்லாமல் உள்நுழையக்கூடிய ஓட்டை வெளிப்பட்டது. கடவுச்சொல்லை மாற்றினோம் என்பதுகூட அங்கே போதவில்லை. தனியே இருக்கும் முதியவர்களின் முற்றத்தை, அவர்கள் எப்போது வெளியே போகிறார்கள் எப்போது வருகிறார்கள் என்பதை, முகம் தெரியாத ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க நாமே வழி செய்து கொடுக்கக் கூடாது. போர்ட் திறப்பதை விடுங்கள். மென்பொருளைப் புதுப்பித்து, கடவுச்சொல்லை மாற்றிக் கொடுங்கள்; உற்பத்தி நிறுவனத்தின் செயலி வழியாகப் பார்க்கட்டும். ரவுட்டர் விபிஎன் தாங்குமானால் அது இன்னும் நல்லது. யூபிஎன்பி வசதியையும் நிறுத்துங்கள். அது இருக்கும்வரை கமரா எம்மைக் கேட்காமலே போர்ட் திறந்துகொள்ளும்.

மின்சாரம் போனால் என்ன நடக்கிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம்வரை இருளில் கிடந்த நாடு இது. மின் தடையில் ரவுட்டர் அணைந்துவிடும். லப்டொப் தன் பற்றரியில் ஓடும். பிள்ளை கைப்பேசி ஹொட்ஸ்பொட்டையோ டொங்கிளையோ இணைத்துப் பாடத்தைத் தொடரும். அப்போது நாம் கவனமாகச் சரிசெய்து வைத்த வாசல் தீச்சுவர் அந்தப் பாதையிலேயே இல்லை. எல்லையில் யானைக்கு மின்வேலி போட்ட ஊரிலும் தோட்டக்காரர் தன் வாழைக்குத் தனியாகக் காவல் கிடக்கிறார் அல்லவா, அந்த நியாயம்தான் இதுவும்.

சரி, அந்தப் பிரின்டர்? பெரும்பாலான வீடுகளில் சிக்கல் தீச்சுவரில் இல்லை, விண்டோஸ் அந்த வைபையைப் பொது வலையமைப்பு என்று குறித்து வைத்திருப்பதில் இருக்கிறது. அதைத் தனிப்பட்டதாக மாற்றி, கோப்பு மற்றும் பிரின்டர் பகிர்வுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் தீச்சுவரை நிறுத்தாமலே அச்சு வரும். ஆனால் ஒழுங்கு முக்கியம்: முதலில் மாணவர்களையும் விருந்தினரையும் விருந்தினர் வைபைக்கு மாற்றுங்கள், பிறகுதான் கணினியைத் தனிப்பட்டதாக்குங்கள். இல்லாவிட்டால் ரியூசன் மாணவனின் கைப்பேசிக்கும் சேர்த்தே கதவைத் திறந்தவர்களாவோம். விருந்தினர் வசதி இல்லாத மலிவு ரவுட்டரென்றால் கணினியைப் பொதுவிலேயே விட்டுவிட்டு, பிரின்டரை அதன் சொந்த வைபையால் இணைத்துவிடுங்கள். ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல், வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதி, டபிள்யூபிஎஸ் பொத்தான் ஆகியவை பற்றி இந்த இதழின் வாசகருக்கு நாம் சொல்லத் தேவையில்லை. ஒரே கணினியில் இரண்டு மென்பொருள் தீச்சுவர்களை ஓடவிடாதீர்கள். அவை ஒன்றோடொன்று முட்டி, கடைசியில் வீட்டுக்காரர் இரண்டையும் நிறுத்திவிடுவார்.

எம் கடைகளில் நடக்கும் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. திருட்டு விண்டோஸைச் செயற்படுத்தும் கருவிகள், முதலில் பாதுகாப்பை நிறுத்து என்று கேட்கின்றன, நிறுத்துகிறோம். அந்தக் கருவி தனக்கென்று எழுதிக்கொள்ளும் விலக்குகள் யாராவது நீக்கும்வரை அங்கேயே இருக்கும். வாடிக்கையாளர் எம்மை நம்பிக் கொடுத்த கணினி அது. உரிமம் வாங்க வசதியில்லாதவருக்கு உபுண்டு போட்டுக் கொடுக்கலாம். ஓ லெவல் மாணவருக்கு வேண்டிய எழுத்து, கணக்குத்தாள் வேலைகள் எல்லாம் அதில் ஓடும்.

வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்பவரிடம் ஒருமுறைக் குறியீட்டை வாசித்துக் காட்டும் வீட்டுக்காரரை எந்தத் தீச்சுவரும் காப்பாற்றாது. அதையும் வேலை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.

இதற்கெல்லாம் மேலதிகமாக நேரம் போகும். இலவசமாகச் செய்யுங்கள் என்று நாம் கேட்கவில்லை. எதை மாற்றினோம், எதைத் திறந்தோம், எதை மூடினோம் என்று தமிழில் ஒரு தாளில் எழுதி வீட்டுக்காரரிடம் கொடுங்கள். அடுத்து வரும் தொழில்நுட்பவியலாளருக்கும் அது உதவும். கடவுச்சொற்களை அந்தத் தாளில் எழுத வேண்டாம். பற்றுச்சீட்டில் "வலையமைப்புப் பாதுகாப்பு" என்று தனி வரி போட்டு, அதற்குரிய கூலியை வாங்குங்கள்.