மொழி தெரியாத ஆராய்ச்சி

போன வாரம் ஒரு மாணவர் வீட்டுக்கு வந்தார். ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் சர்வதேச ஆய்வு நிறுவனத்தில் பிரான்ஸ்–இந்திய உறவு பற்றி முனைவர் பட்டத்துக்கு எழுதுகிறாராம். பழைய புதுச்சேரி கெஜட் நகல்களை நீட்டி, "இதுல என்ன எழுதியிருக்கு சார்?" என்றார். மூன்று வருட ஆராய்ச்சி. பிரெஞ்சில் ஒரு வரி வாசிக்கத் தெரியாது.

படித்துச் சொன்னேன். தம்பிமேல் கோபமில்லை, அவரை இப்படி எழுத விட்டவர்கள்மேல்தான். பாரிசில் 1795-லேயே கீழ்த்திசை மொழிகளுக்கென்று பள்ளி தொடங்கினார்கள். அதுதான் இன்றைய இனால்கோ; அங்கே தமிழும் சொல்லித் தருகிறார்கள். முதலில் மொழி, பிறகுதான் ஆராய்ச்சி.

இங்கே 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு நிர்வாகம். அந்தக் காலத்து ஆவணங்கள் பெரும்பாலும் பிரெஞ்சில்தான் இருக்கின்றன. இங்கிலீஷ் புத்தகங்களை மட்டும் பார்த்து எழுதினால், இங்கிலீஷ்காரன் கண்ட புதுச்சேரிதான் கிடைக்கும்.

கோப்பைப் படிக்காமல் குறிப்பு எழுதினால் எங்கள் ஆபீசில் மெமோ கொடுப்பார்கள். இங்கே டாக்டர் பட்டம் கொடுக்கிறார்கள்!

எந்த நாட்டை ஆராய்ந்தாலும் முதல் வருடம் அந்நாட்டு மொழியைக் கட்டாயமாக்குங்கள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களைப் போன்ற கிழவர்கள் இன்னும் எத்தனை நாளைக்கு வாசித்துச் சொல்லிக்கொண்டிருப்போம்?