ஏலத்துக்கு முந்தின ராத்திரி விலையை மாத்தாதீங்க

மியூச்சுவல் ஃபண்ட், டேக்ஸ்னு பேசுற இடத்துல இன்னைக்கு பேஸ்பால் பத்தி எழுதப்போறேன். நாலு நிமிஷம் பொறுமையா படிங்க. உங்க சம்பளத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு.

நான் முன்னாடி வேலை பார்த்த ஆடிட் டீமில் அமெரிக்க நண்பர்கள் சிலர் இருந்தாங்க. 2024-ல அவங்க ஃபேன்டஸி பேஸ்பால் லீக்கில் ஒரு இடம் காலியாச்சு, என்னைச் சேர்த்துக்கிட்டாங்க. அங்கே சனிக்கிழமை காலை 10 மணிக்கு ஏலம். நமக்கு ராத்திரி ஏழரை. நிஜக் காசு கிடையாது, எல்லாம் கற்பனை டாலர். (இந்தியாவில் காசு கட்டி ஆடுறதை 2025-ல வந்த ஆன்லைன் கேமிங் சட்டம் தடை பண்ணியிருக்கு. அதை ஆடச் சொல்லி எழுதலை.)

இந்த விளையாட்டை 1980-ல டேனியல் ஓக்ரென்ட்டும் நண்பர்களும் நியூயார்க்கில் ஆரம்பிச்சாங்க. அவங்க கூடிச் சாப்பிட்ட உணவகத்தின் பெயரால் அது ரோட்டிசரி லீக் ஆச்சு. பொதுவான விதி இதுதான்: ஒவ்வொருத்தருக்கும் 260 டாலர். அதுக்குள்ள 23 வீரர்களை ஏலத்தில் எடுக்கணும். சீசன் முழுக்க அவங்க நிஜ மேட்ச்சில் அடிக்கிற ஹோம் ரன், திருடுற பேஸ், பந்து வீசி எடுக்கிற ஸ்ட்ரைக் அவுட் எல்லாம் உங்க கணக்கில் சேரும்.

முதல்ல டாலி ஆகணும்

எந்த வீரருக்கு எவ்வளவு தரலாம்? இதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியும். 12 டீம், ஆளுக்கு 260 டாலர்னா, ஏல அறைக்குள்ள மொத்தம் 3,120 டாலர் இருக்கு. 12 டீம், தலைக்கு 23 பேர்னா 276 வீரர்கள். குறைந்தபட்ச விலை 1 டாலர் என்பதால் 276 டாலர் அதுக்கே போயிடும். மீதி 2,844 டாலரை, 277-ஆவது ஆளை விட யார் எவ்வளவு மேல் என்ற அளவில் பிரிக்கணும். ஏன் 277-ஆவது ஆள்? ஏலம் முடிஞ்சதும் அவர் யாருக்கும் சும்மாவே கிடைப்பார். சும்மா கிடைக்கிறதுக்கு மேல என்ன கிடைக்குதோ, அதுக்குத்தான் காசு.

இதில் இடத்தைப் பொறுத்த கணக்கும் இருக்கு. டீமுக்கு ரெண்டு கேட்சர்னா 24 கேட்சர் வேணும். 25-ஆவது கேட்சர் பெரும்பாலும் சுமாரா அடிக்கிற ஆள். அதனால 20 ஹோம் ரன் அடிக்கிற கேட்சருக்கு, அதே 20 அடிக்கிற அவுட்ஃபீல்டரை விட விலை அதிகம்.

எல்லாம் போட்டு முடிச்சதும் 276 பேரின் விலையைக் கூட்டிப் பாருங்க. 3,120 வரணும். ட்ரையல் பேலன்ஸ் மாதிரிதான், டாலி ஆகலைன்னா எங்கேயோ தப்பு. 3,500 வந்தா ஒவ்வொருத்தருக்கும் கூடுதல் விலை போட்டு வெச்சிருக்கீங்கன்னு அர்த்தம். ஏலத்தில் எல்லாமே மலிவா தெரியும், பாதியிலேயே காசு தீர்ந்துடும்.

நான் எங்கே சறுக்கினேன்?

இதெல்லாம் ஒரு சி.ஏ.வுக்குப் பெரிய விஷயமில்லை. ரெண்டு வாரம் உட்கார்ந்து அழகா ஷீட் போட்டேன். அட்லாண்டா பிரேவ்ஸின் ரொனால்ட் அகூன்யா ஜூனியருக்கு என் ஷீட்டில் 46 டாலர். முந்தின ராத்திரி தூக்கம் வரலை. திரும்ப அவர் 2023 கணக்கைப் பார்த்தேன்: 41 ஹோம் ரன், 73 ஸ்டோலன் பேஸ். "46 கம்மியோ?"ன்னு தோணுச்சு. 52-னு மாத்தினேன். ஏலத்தில் இன்னொருத்தர் 52 சொன்னார், நான் 53 சொல்லி எடுத்தேன். சந்தோஷம் தாங்கலை.

மே 26 அன்னைக்கு அவர் இடது முழங்கால் தசைநார் கிழிஞ்சது. அந்த சீசனில் 49 மேட்ச், 4 ஹோம் ரன், அவ்வளவுதான்.

காயம் என் தப்பில்லை. 46-க்கு எடுத்திருந்தாலும் அடி விழுந்திருக்கும். என் தப்பு அந்த 7 டாலர். 41, 73 எல்லாம் 46 போடும்போதே கணக்கில் இருந்த எண்கள்தான். புதுசா எதுவும் தெரிஞ்சுக்காமலே விலையை ஏத்தினேன். அந்த மார்ச்சில் உண்மையிலேயே புதுசா வந்த ஒரே செய்தி, அவருக்கு வலது முழங்காலில் வலி என்பது. விலையைக் குறைக்கவேண்டிய அந்தச் செய்தியை மட்டும் வசதியா கண்டுக்காம விட்டேன்.

1971-ல அட்லாண்டிக் ரிச்ஃபீல்ட் நிறுவனத்தின் மூணு இன்ஜினியர்கள், எண்ணெய் வயல் ஏலங்களைப் பத்தி இதைத்தான் எழுதினாங்க. பல பேர் மதிப்புப் போடும்போது, ஜெயிக்கிறது பெரும்பாலும் அதிகமா தப்புப் போட்டவர்தான். வின்னர்ஸ் கர்ஸ், ஜெயிச்சவனுக்கு வர்ற சாபம்.

"அப்போ விலையை மாத்தவே கூடாதா சார்?"

நியாயமான கேள்வி. மாத்தலாம், ஆனா காரணம் வெளியே இருந்து வரணும். காயம், அணியில் பொறுப்பு மாறுறது, பேட்டிங் ஆர்டர் மாறுறது எல்லாம் செய்தி. பயிற்சி மேட்ச்சில் நாலு ஹோம் ரன் அடிச்சது செய்தி இல்லை. எதிரில் பந்து போட்டவர் புது பந்தைப் பழகிப் பார்த்திருப்பார்.

சந்தையே மாறினாலும் மாத்தலாம். சில லீக்கில் போன வருஷ வீரர்களைப் பழைய விலைக்கே வெச்சுக்கலாம். அப்படி வெச்சுக்கிட்டவங்களுக்கு ஆன செலவு 620 டாலர், அவங்க மதிப்பு 1,000 டாலர்னு வைங்க. மீதிக் காசு 2,500, மீதி மதிப்பு 2,120. வகுத்தா 1.18. அதனால ஷீட்டில் 30 டாலர் போட்ட ஆளுக்கு 35 வரை போகலாம். இது பணவீக்கம். எல்லாருக்கும் ஒரே அளவில் ஏத்துறோம். எனக்குப் பிடிச்ச ஒருத்தருக்கு மட்டும் ஏத்தினா அதுக்குப் பேர் ஆசை.

என் கணக்கே சரின்னும் சொல்லலை. அதே 2024-ல ஷோஹெய் ஓட்டானி 54 ஹோம் ரன், 59 ஸ்டோலன் பேஸ் எடுத்தார். முந்தின வருஷம் 20 பேஸ் திருடினவருக்கு 59-னு நான் எங்கே போடுவேன்? ஷீட் தப்பாகும். ஆனா தப்பான ஷீட்டை அடுத்த வருஷம் திருத்தலாம். ராத்திரி ஒன்றரை மணி மனசை எப்படித் திருத்துறது?

இப்போ உங்க சம்பளத்துக்கு வருவோம்

அடுத்த வருஷமே ஒரு ஃபிளாட் பார்த்தேன். 62 லட்சத்துக்கு மேல போகக்கூடாதுன்னு டைரியில் எழுதி வெச்சிருந்தேன். புரோக்கர் ஃபோன் பண்ணினார்: "சார், இன்னொரு பார்ட்டி நாளைக்கு டோக்கன் தர்றாங்க." 66-க்கு முடிச்சேன். ஃபிளாட்டில் ஒரு ஜன்னல்கூட கூடலை. கூடினது என் பயம் மட்டும்தான். அந்த 4 லட்சம் இன்னும் இ.எம்.ஐ.யில் போய்க்கிட்டிருக்கு.

பைக், கல்யாண மண்டபம், ஐ.பி.ஓ., எதுவா இருந்தாலும் நான் இப்போ மூணு விஷயம் செய்றேன்.

1. உச்ச விலையை எழுதி, தேதி போட்டு, வீட்டுக்காரம்மாகிட்ட கொடுத்துடுவேன்.
2. கடைசி 48 மணி நேரத்தில் புதுத் தகவல் வந்தா மட்டுமே மாத்துவேன். அந்தத் தகவலை ஒரு வரியில் எழுத முடியணும்.
3. மற்ற இடத்துக்கான காசை முதல்ல ஒதுக்குவேன். ஏலத்தில் 40 டாலர், 6 இடம் மீதி இருந்தா ஒரு ஆளுக்கு அதிகபட்சம் 35தான் சொல்லமுடியும். மத்த 5 பேருக்கு தலா 1 டாலர் வேணும். வீட்டு வாடகை, எஸ்.ஐ.பி., இன்ஷூரன்ஸ் எல்லாம் அந்த 5 டாலர்தான்.

ஒரு வித்தியாசத்தையும் சொல்லிடறேன். ஃபேன்டஸியில் மிச்சம் வெச்ச டாலருக்கு மதிப்பு பூஜ்யம். அதனால கடைசியில் ரெண்டு டாலர் கூடக் கொடுத்து எடுக்கிறது புத்திசாலித்தனம். நம்ம அக்கவுண்ட்டில் மிச்சம் இருக்கிற காசு அப்படியில்லை, அடுத்த மாசமும் உங்களுக்காக நிக்கும். அதனால வாழ்க்கை ஏலத்தில் கையைக் கீழே இறக்கினா தோத்துட்டோம்னு நினைக்காதீங்க.

நீங்க கடைசி நிமிஷத்தில் விலையை ஏத்தின கதை ஏதாவது இருந்தா கமெண்டில் சொல்லுங்க. என் 4 லட்சத்தை யாராவது முந்துறீங்களான்னு பார்ப்போம்.