ஏ.சி. போட்டா மைலேஜ் போச்சா? அந்தக் காசு யார் தலையில்?

அக்னி நட்சத்திர வெயில். மதியம் 2 மணி. கத்திப்பாரா பக்கம் நகராத டிராஃபிக். "அண்ணா, கொஞ்சம் ஏ.சி. போடுங்களேன்" என்கிறார் கேப்பில் ஏறியவர். "கட்டுப்படியாகாது தம்பி" என்கிறார் டிரைவர். சென்னையில் கோடைக்காலம் முழுக்க ஓடும் பஞ்சாயத்து இது. யார் பக்கம் நியாயம்?

குளிர் எங்கிருந்து வருது?

பெட்ரோல், டீசல் கார்களில் ஏ.சி.யின் இதயம் கம்ப்ரஸர். அதைச் சுழற்றுவது இன்ஜினோடு இணைந்த பெல்ட். அதனால் குளிருக்கான சக்தியும் டேங்கில் இருந்துதான் வருகிறது. வண்டி சிக்னலில் நின்றாலும் ஏ.சி. ஓடினால் எரிபொருள் கூடுதலாகவே எரியும். ஒரு கிலோமீட்டர்கூட நகராமல் காசு கரையும்.

எவ்வளவு குறையும்?

கார், வெயில், டிராஃபிக் என ஒவ்வொன்றையும் பொறுத்து மாறும். கடும் வெப்பத்தில், அதிலும் குறுகிய தூரப் பயணங்களில், மைலேஜ் 25 சதவீதத்துக்கு மேல்கூட குறையலாம் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. வெயிலில் வெந்து கிடந்த காரைக் குளிர வைக்கும்போதுதான் ஏ.சி.க்கு வேலை அதிகம். குறுகிய தூரம் என்றால், கார் குளிர்வதற்குள் இறங்கும் இடமே வந்துவிடும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு 15 கி.மீ. தரும் கேப், தினமும் 150 கி.மீ. ஓடுகிறது. 10 லிட்டர் செலவு. ஏ.சி.யால் 10 சதவீதம் கூடினாலே ஒரு லிட்டர் எக்ஸ்ட்ரா. லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால், மாதம் 26 நாளுக்கு 2,600 ரூபாய். ஒரு பயணிக்கு இது சில ரூபாய்தான். டிரைவருக்கோ பிள்ளையின் டியூஷன் ஃபீஸ்.

எப்படிக் குறைக்கலாம்?

* நிழலில் நிறுத்துங்கள். ஏறியதும் கண்ணாடியை இறக்கி, சூடான காற்றை வெளியேற்றிவிட்டு ஏ.சி. போடுங்கள்.
* உள்ளே குளிர்ந்ததும் ரீசர்குலேஷனுக்கு மாற்றுங்கள். ஏற்கெனவே குளிர்ந்த காற்றையே திரும்பக் குளிர வைப்பது சுலபம்.
* சிட்டிக்குள் மெதுவாகப் போகும்போது கண்ணாடியைத் திறந்து வைப்பது மிச்சம். ஹைவே வேகத்தில் திறந்தால் காற்றின் எதிர்ப்பு கூடி, அந்த லாபம் குறையும்.

பிரச்சினை டிரைவரும் இல்லை, பயணியும் இல்லை

ஷோரூமில் சொல்லப்படும் மைலேஜ், நீண்ட காலமாக ஏ.சி.யை அணைத்து வைத்து நடத்திய சோதனையில் கிடைத்த எண். 40 டிகிரி அடிக்கும் ஊரில் அப்படி யார் கார் ஓட்டுகிறார்கள்? ஏ.சி. ஓடும்போது என்ன மைலேஜ் என்பதும் பக்கத்திலேயே இருந்தால்தான், வாங்குபவர் போடும் கணக்கு நிஜமாக இருக்கும்.

கேப் கட்டணத்துக்கும் இதே நியாயம்தான். ஏ.சி.க்கு ஆகும் எரிபொருள் செலவைக் கட்டணத்தில் தனியாகக் காட்டி, அது முழுசாக டிரைவருக்குப் போக வேண்டும். 3.5 டன்னுக்கு மேற்பட்ட புதிய லாரிகளின் கேபினில் ஏ.சி.யை மத்திய அரசு கட்டாயமாக்கியிருக்கிறது. ஓட்டுபவருக்குக் குளிர்ச்சி ஆடம்பரம் இல்லை என்று ஒப்புக்கொண்ட முடிவு அது.

பயணி அரை மணி நேரத்தில் இறங்கிவிடுவார். ஒரு லிட்டரை மிச்சம் பிடிக்க, நாள் முழுக்க அதே வெயிலில் வேகப்போவது ஸ்டீயரிங் பிடித்தவர்தான்.